திருகோணமலையில் ஒரு மென்பொருள் மாநாடு: பேச்சாளரை எங்கே தேடுவது?

நீங்கள் கேட்டது இது: அடுத்த ஆண்டு திருகோணமலையில் மென்பொருள் உருவாக்குநர்களுக்காக 150 பேர் அளவில் ஒரு நாள் மாநாடு வைக்கப் போகிறீர்கள், கொழும்பிலும் சென்னையிலும் பெயர் பெற்ற பேச்சாளர்களை எப்படி அணுகுவது, எவ்வளவு கொடுக்க வேண்டும்? கேள்வியை இரண்டு தடவை வாசித்தேன். உங்களை உள்ளே அரித்துக்கொண்டிருப்பது வேறு என்று எனக்குப் படுகிறது. மண்டபத்தை நிரப்பிவிட்டு, மேடையேறியவர் முக்கால் மணி நேரம் எல்லோரையும் கொட்டாவி விட வைத்தால் யார் முகத்தில் விழிப்பது என்ற பயம் அது. அந்தப் பயத்துக்குக் காப்புறுதியாகத்தான் பெரிய பெயர்களைத் தேடுகிறீர்கள். ஆகவே, ஒருவர் நன்றாகப் பேசுவாரா என்பதை முன்கூட்டியே எப்படி அறிவது என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறேன். பணத்துக்கும் பயணத்துக்கும் பிறகு வருவேன்.

நான் 13 ஆண்டுகள் கொழும்பில் நிரல் எழுதிவிட்டு ஊர் திரும்பியவன். அங்கேயும் இங்கேயுமாக ஏழு கூட்டங்களுக்குப் பேச்சாளர் தெரிவில் இருந்திருக்கிறேன். அவற்றில் மிகப் பெரியதற்கு 300 பேர் வந்தார்கள். ஆயிரக்கணக்கில் ஆட்கள் கூடும் மாநாடுகளை நான் நடத்தியதில்லை. அவற்றுக்கு இங்கே சொல்வதெல்லாம் பொருந்தும் என்று சாதிக்க மாட்டேன்.

திருகோணமலையில் நாங்கள் வைத்த முதல் கூட்டத்தில், உங்களைப் போலவே, ஒரு பெரிய பெயரைத்தான் பிடித்தோம். கொழும்பில் ஒரு நிறுவனத்தின் உயர் பதவிக்காரர். சுவரொட்டியில் அவருடைய படம் எல்லோருடையதையும்விடப் பெரிது. வந்தார், மரியாதையான மனிதர், குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் கையோடு கொண்டுவந்த ஸ்லைடுகளை அவருடைய நிறுவனத்தின் விளம்பரப் பிரிவு தயாரித்திருந்தது. செயற்கை நுண்ணறிவு உலகை மாற்றும் என்றார், மேகக் கணிமை வளர்கிறது என்றார், இளைஞர்கள் உழைக்க வேண்டும் என்றார். இருபதாவது நிமிடத்தில் பின்வரிசையில் கைபேசி வெளிச்சங்கள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கின. கேள்வி நேரத்தில் ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, நீங்கள் கடைசியாக எப்போது நிரல் எழுதினீர்கள்?" என்று கேட்டுவிட்டான். அவர் சிரித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதே நாள் மத்தியானம் ஒரு பேச்சாளர் வராமல் போனதால், தொண்டராக வந்து தேநீர் பரிமாறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை மேடையேற்ற வேண்டியதாயிற்று. அவர் ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலைக் கணினிப்படுத்தும் வேலையில் இருந்தவர். திரையில் "கோணேஸ்வரி" என்ற பெயரை இரண்டு தடவை, ஒன்றின் கீழ் ஒன்றாகக் காட்டினார். "இவற்றுக்குள் என்ன வித்தியாசம்?" என்றார். மண்டபத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு இரண்டின் நீளத்தையும் கணினியிடம் கேட்டார். ஒன்றுக்கு 9 என்றது, மற்றதற்கு 10. மண்டபம் நிமிர்ந்து உட்கார்ந்தது. கணினியில் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் பொது முறையான யூனிகோடில் "கோ" என்பதை க என்ற குறியீட்டோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்தும் எழுதலாம். க, அதன் பின் ஏகாரக் கொம்பு, அதன் பின் கால் என்று மூன்றாக உடைத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடுகிற நிரலுக்கு இரண்டும் வெவ்வேறு. அவருடைய பழைய பட்டியல் யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவிலிருந்து மாற்றப்பட்டது. பாமினியில் "கோ" மூன்று தட்டல்கள். மாற்றிய கருவியும் அதை மூன்றாகவே விட்டுவிட்டது. புதிதாகப் பதிந்தவை இரண்டு குறியீடுகளாக இருந்தன. விளைவாக, ஒரே அம்மா இரண்டு முறை அங்கத்தவராகப் பதியப்பட்டிருந்தார். கோணேசர் ஊரில் கோ எழுத்தில் தொடங்கும் பெயர்களுக்குக் குறைவா என்று அவர் கேட்டபோது எழுந்த சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. சேமிப்பதற்கு முன்னும் தேடுவதற்கு முன்னும் பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் அந்த ஒற்றை வரியைக் காட்டிவிட்டு இறங்கினார். 20 நிமிடம்தான். அடுத்த ஆண்டு முழுவதும் என்னைச் சந்தித்தவர்கள் அந்தப் பேச்சைப் பற்றித்தான் கேட்டார்கள்.

அதிலிருந்து எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று. நல்ல பேச்சாளரிடம் தன் கையால் பிடித்துத் திருத்திய ஒரு பிரச்சினை இருக்கும். பதவியும் பட்டமும் அதைக் காட்டித் தராது. ஆகவே யாரையும் அணுகும்போது "எங்கள் மாநாட்டில் பேசுவீர்களா?" என்று நான் தொடங்குவதில்லை. "அண்மையில் உங்களை இரவு முழுக்கத் தூங்கவிடாமல் செய்த பிழை எது?" என்று கேட்கிறேன். சிலர் பொதுப்படையாக ஏதோ சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்கள். சிலர் "அதை ஏன் கேட்கிறீர்கள்" என்று தொடங்கி அரை மணி நேரம் விடமாட்டார்கள். இரண்டாவது வகைதான் உங்களுக்கு வேண்டியவர்கள். அவர்களில் பாதிப் பேர் தங்களைப் பேச்சாளர் என்று நினைத்ததே கிடையாது.

இவர்களை எங்கே தேடுவது? முதலில் காலடியில். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. அங்கே கணினி அறிவியல் படிப்பிக்கிறவர்களும் படித்து வெளியேறியவர்களும் இருக்கிறார்கள். வங்கிக் கிளைகளில், வைத்தியசாலையில், உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் கணினி அமைப்புகளைக் கட்டிக் காக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஹோட்டல் அறைப் பதிவு இரண்டு இணையத்தளங்களில் ஒரே நேரத்தில் விற்றுப்போனால் என்ன நடக்கும் என்பதை ஒரு வரவேற்பு மேசைக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் மாற்றாமல் தடுக்கும் தரவுத்தளப் பூட்டுகளைப் பற்றிய பாடத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. மட்டக்களப்பை மறக்காதீர்கள். கிண்ணியாப் பாலமும் அந்தப் பாதையின் மற்றப் பாலங்களும் திறந்த பிறகு வெருகல், மூதூர் வழியாகப் படகுத்துறையில் காத்து நிற்காமல் வந்து சேரலாம். ஆனாலும் எல்லோரும் கொழும்பையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்தது திறந்த மூலத் திட்டங்கள், அதாவது நிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் கூடிய மென்பொருள்கள். இலங்கையர் இதில் சளைத்தவர்கள் இல்லை. 2004 சுனாமிக்குப் பிறகு காணாமல் போனவர்களையும் நிவாரண முகாம்களையும் பதிவதற்காக இங்குள்ள தொண்டர்கள் அவசர அவசரமாக எழுதிய சகானா என்ற மென்பொருள் பிறகு வேறு நாடுகளின் பேரிடர்களிலும் பயன்பட்டது. நம்முடைய கடற்கரையே அந்த அலையில் போனது. ஆனால் நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் திட்டங்களில் இலங்கையர் பலர் பங்களித்திருக்கிறார்கள். மாணவர்களைத் திறந்த மூலத் திட்டங்களில் வேலை செய்யவைக்கும் கூகுளின் கோடைக்கால நிரலாக்கத் திட்டம் 2005இல் தொடங்கியது. அதன் முதல் பத்தாண்டுகளில் உலகப் பல்கலைக்கழகங்களிலேயே அதிக மாணவர்களை அனுப்பியது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். 2005 முதல் இயங்கும் "நூலகம்" என்ற எண்ணிம நூலகமும் தமிழில் மென்பொருள் வேலை நடக்கும் இடம்தான். நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இப்படியான திட்டங்களைத் திறந்து, யார் பிழை அறிக்கைகளுக்குப் பொறுமையாக, படிப்படியாக விளக்கம் எழுதுகிறார் என்று பாருங்கள். எழுத்தில் ஒரு புதியவனுக்கு விளங்க வைக்கத் தெரிந்தவருக்கு மேடையில் விளங்க வைப்பதும் பெரும்பாலும் வரும். பெரும்பாலும் என்றுதான் சொல்கிறேன். எழுத்தில் புலி, மைக்கைப் பிடித்தால் குரலே எழும்பாத ஒருவரை நானே அழைத்துவந்து அவரையும் வருத்தியிருக்கிறேன்.

பொது அழைப்பு விடுத்து முன்மொழிவுகளைக் கேட்பதா, நேரே ஆட்களை அழைப்பதா என்றால், இரண்டும் வேண்டும். பொது அழைப்பு மட்டும் விட்டால் எங்கும் பேசுகிறவர்களே இங்கும் எழுதுவார்கள். கூச்சமுள்ளவர் எழுத மாட்டார். நேரடி அழைப்பு மட்டும் என்றால் உங்கள் நண்பர் வட்டமே மேடையாகிவிடும். அழைப்பில் நீளமான படிவம் வைக்காதீர்கள். யாருக்கு இந்தப் பேச்சு, கேட்டவர் திங்கட்கிழமை வேலைக்குப் போய் எதை மாற்றிச் செய்வார், உங்களுக்கு எங்கே பிழைத்துப்போனது என்ற மூன்று கேள்விகள் போதும். மூன்றாவது கேள்விக்கு வெறுமையாக விட்டவரை நான் இரண்டாம் அடுக்கில் வைப்பேன்.

முன்மொழிவுகளைப் பெயர் மறைத்து மதிப்பிடுவது நல்லது என்று பலர் சொல்வார்கள். 2012இல் பெர்லினில் நடந்த ஜேஎஸ்கான்ஃப் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நிரலாளர்களின் ஐரோப்பிய மாநாட்டில் அப்படிச் செய்தார்கள். பேச்சாளர்களில் கால்வாசிப் பேர் பெண்களாக அமைந்தார்கள். ஆனால் அவர்கள் பெண்களைத் தேடிப்போய் முன்மொழிவு அனுப்பச் சொல்லி ஊக்குவிக்கவும் செய்தார்கள். இரண்டில் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். என் கணிப்பு, தேடிப்போனதுதான். நம்மைப் போன்ற சிறிய வட்டத்தில் பெயரை மறைத்தாலும் எழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடுவார்கள். எங்கள் மூன்றாவது கூட்டத்துக்கு நான் ஐந்து பெண்களுக்குத் தனித்தனியே எழுதினேன். "எனக்கு அவ்வளவு தெரியாது" என்று நால்வர் பதில் போட்டார்கள். அதே வாரம், அவர்களுக்குத் தெரிந்ததில் பாதிகூடத் தெரியாத மூன்று ஆண்கள் தாங்களாகவே எழுதியிருந்தார்கள். அந்த நால்வருக்கும் மறுபடி எழுதினேன். இருவர் வந்தார்கள்.

யூடியூபில் பழைய பேச்சைப் பார்த்துத் தீர்மானிக்கலாமா? குரல், வேகம், நேரத்தைக் காப்பாற்றுகிறாரா என்பவை தெரியும். அதற்கு மேல் நான் நம்புவதில்லை. ஆறு இடங்களில் பேசித் தேய்ந்த பேச்சு காணொளியில் மெருகாக இருக்கும். உங்கள் மண்டபத்தில் அது பழஞ்சோறு. நான் நம்புவது பத்து நிமிடத் தொலைபேசி உரையாடலை. ஸ்லைடு இல்லாமல், திரை இல்லாமல், சொல்ல வந்ததை எனக்குச் சொல்லுங்கள் என்பேன். நடுவில் வேண்டுமென்றே ஒரு அடிப்படைக் கேள்வி கேட்பேன். அதற்கு எரிச்சல்படாமல், ஒரு உதாரணத்தோடு இறங்கிவருகிறவரை மறுயோசனை இல்லாமல் தெரிவு செய்வேன்.

மொழியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் இங்கே பாதிப் பேச்சுகள் விழுந்துபோவது அதனால்தான். வேலையில் தமிழில் யோசித்து, தமிழில் சண்டை பிடித்து, தமிழில் பிழை திருத்துகிற ஒருவர் மேடையேறியதும் ஆங்கிலத்துக்குத் தாவி, ஸ்லைடை வரிவரியாக வாசிக்கத் தொடங்குகிறார். அழைக்கும்போதே "தமிழில் பேசலாம், துறைச் சொற்களை ஆங்கிலத்திலேயே சொன்னாலும் பரவாயில்லை" என்று எழுதிவிடுங்கள். நான் அறிந்த மூன்று பேர் அந்த ஒரு வரியால் வேறு மனிதர்களாக மேடையில் நின்றார்கள். சிங்களம் மட்டும் அல்லது ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்களும் மண்டபத்தில் இருப்பார்கள் என்றால், ஸ்லைடுகள் ஆங்கிலத்தில் இருக்கட்டும். தமிழ் மேடைக்கென்றே பொருத்தமான பொருள்களும் இருக்கின்றன. ஆங்கிலத்தில் 160 எழுத்துகளைக் கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி தமிழில் 70 குறியீடுகளோடு முடிந்துவிடுகிறது. அந்த எழுபதிலும் மெய்க்கு ஒன்று, அதன் உயிர்க்குறிக்கு இன்னொன்று என்று கழியும். தமிழில் அறிவித்தல் அனுப்பும் பாடசாலையோ மருந்தகமோ அதற்கு எத்தனை மடங்கு செலவழிக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்டினால் ஒருவரும் கைபேசியை எடுக்க மாட்டார்கள்.

ஆளைத் தெரிவு செய்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய பிழை. முதல் முறை பேசுகிறவருக்கு 25 நிமிடத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். இரண்டு வாரம் முன்பு ஜூமில் முழு ஒத்திகை. கேட்பதற்கு இருவர் போதும். ஒத்திகையில் பெரும்பாலும் ஒரே திருத்தத்தைத்தான் சொல்வேன்: தன்னறிமுகத்தையும் நிறுவன அறிமுகத்தையும் வெட்டிவிட்டு, பிழை வெடித்த அந்த நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். இன்னும் தயக்கமுள்ளவர்களுக்கு 5 நிமிட மின்னல் பேச்சுகள் வையுங்கள். 2000ஆம் ஆண்டில் பேர்ல் என்ற நிரல்மொழிக்காரர்களின் மாநாட்டில் தொடங்கிப் பரவிய வழக்கம் அது. அடுத்த ஆண்டின் பேச்சாளர்கள் அந்த ஐந்து நிமிடங்களிலிருந்துதான் எனக்குக் கிடைக்கிறார்கள்.

அனுசரணை தரும் நிறுவனம் பேச்சு நேரம் கேட்கும். கொடுக்காதீர்கள். பெயர்ப்பலகை, வாசலில் ஒரு மேசை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு நிமிட நன்றி. பணம் நின்றுபோகும் என்று பயந்து நாங்கள் ஒரு முறை விட்டுக்கொடுத்தோம். வந்தவர் ஆட்சேர்ப்பு விளம்பரம் படித்துவிட்டுப் போனார்.

இப்போது பணம். எங்களைப் போன்ற கூட்டங்களில் பேச்சுக்குக் கட்டணம் கொடுத்ததில்லை, யாரும் கேட்டதும் இல்லை. ஆனால் பயணம், தங்குமிடம், சாப்பாடு மூன்றையும் முழுமையாக ஏற்றிருக்கிறோம். மாணவர், சொந்தத் தொழில் செய்பவர் என்றால் முன்கூட்டியே கையில் கொடுத்துவிடுவோம். "பற்றுச்சீட்டு அனுப்புங்கள், பிறகு தருகிறோம்" என்று சொன்னால் கூச்சத்தில் பலர் கேட்கவே மாட்டார்கள். ஒரு நாள் முழுக்கப் பயிற்சிப் பட்டறை நடத்தச் சொன்னால் அது வேறு. அது வேலை, கூலி கொடுக்க வேண்டும்.

கொழும்பிலிருந்து வருகிறவரை இரவு ரயிலில் ஏற்றி, விடியற்காலை இறக்கி, ஒன்பது மணிக்கே மேடையேற்றுவது கொடுமை. அப்படி ஒருவரை நான் நிலையத்தில் போய் ஏற்றினேன். இங்கே பிரெட்ரிக் கோட்டைப் பக்கம் தெருவில் மான்கள் நிற்பதைக் கண்டு குழந்தைபோல் மகிழ்ந்தவர், பத்து மணிக்கு மேடையில் தன் சொந்த நிரலின் பெயரை மறந்து நின்றார். ஒரு நாள் முன்பே வரவழையுங்கள். அல்லது மத்தியானத்துக்குப் பிறகு நேரம் கொடுங்கள். யாழ்ப்பாணத்துக்காரர்களை நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களில் கூப்பிடாதீர்கள். கார்த்திகை, மார்கழியில் வடகீழ்ப் பருவமழை. பாதைகளை நம்ப முடியாது. கடற்கரைப் பருவத்தின் நடுவில் வைத்தால் அறை கிடைப்பது கஷ்டம், விலையும் ஏறியிருக்கும். எனக்கு வாய்த்த நல்ல மாதம் சித்திரைப் புத்தாண்டு கழிந்த பிற்பாடு, வைகாசி.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு விமானம் உண்டு, அங்கிருந்து வவுனியா வழியாகத் தரைப்பயணம். ஒரு 25 நிமிடப் பேச்சுக்கு அது தகுமா என்று நீங்களே பாருங்கள். முதல் ஆண்டில் நான் அதைச் செய்ய மாட்டேன். புலம்பெயர்ந்த நம்மவர்கள் விடுமுறைக்கு ஊர் வரும் நாட்களை விசாரித்து வைத்திருங்கள். டிக்கெட் செலவு இல்லாமல் நல்ல பேச்சு கிடைக்கும். வர முடியாதவரைத் திரையில் பேசவைப்பதென்றால் நேரத்தைக் கணக்கிடுங்கள். இங்கே காலை 10 மணி, கோடையில் டொரோண்டோவில் நள்ளிரவு 12.30. பின்னேரம் 5.30க்கு வைத்தால் அங்கே காலை 8, லண்டனில் மத்தியானம் 1. எப்படியும் ஒரு நாளில் ஒரு திரைப்பேச்சுக்கு மேல் வேண்டாம். இணைப்பு அறுந்தால் ஓடவிட, பேச்சின் பதிவு ஒன்று முதல் நாளே உங்கள் மடிக்கணினியில் இருக்கட்டும்.

எட்டுப் பேச்சு வைத்தால் ஒன்பது பேரைத் தயார் செய்யுங்கள். ஒன்பதாமவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்: யாராவது வராவிட்டால் நீங்கள், எல்லோரும் வந்துவிட்டால் உங்களுக்கு அடுத்த ஆண்டு முதல் இடம். நான் சொன்ன அந்தப் பெண்ணிடம் எங்களில் ஒருவரும் அப்படி முன்கூட்டிக் கேட்டிருக்கவில்லை. தேநீர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் போய்த்தான் மைக்கைப் பிடித்தார்.